கையை விட்டாள், கைவிடவில்லை

எங்கள் சலவைக்கூடத்தில் அவளுக்குத் தாடை அக்கா என்று பெயர். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கொரு பக்கம் பிடித்து, உதறி, எதிரெதிரே நடந்து வந்து முனையோடு முனை சேர்க்க வேண்டும். அவள் மட்டும் தனியாக மடிப்பாள். விரிப்பின் நடுவைத் தாடைக்கும் நெஞ்சுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டு, கைகள் இரண்டையும் இறக்கை மாதிரி விரித்து மடிப்பாள். வேறு யார் பிடித்தாலும் கோணிப்போகும் என்பது அவள் எண்ணம். வாயைத் திறந்தால் துணி விழுந்துவிடும். ஆகையால் வேலை நேரத்தில் அவளோடு சண்டை போடுவது ரொம்ப வசதி. "ம்" என்பதற்கு மேல் பதில் வராது.

அந்த வசதியை முழுசாக அனுபவித்தவள் அவள் நாத்தனார். புருஷனுக்கு நேர் இளையவள். பெரிய உருளை இஸ்திரியில் அவளுக்கு வேலை. தலையணை உறைகளோடு நான் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்திருப்பேன்.

காலையில் எங்கள் கூடத்தைப் பார்க்க வேண்டும். கொப்பரைகளிலிருந்து ஆவி எழும்பும். உயரத்து ஜன்னல் வழியாக வரும் வெயில் அதில் கரைந்துபோகும். எதிரில் நிற்பவர்கள் பாதி ஆளாகவும் பாதி வெள்ளையாகவும் தெரிவார்கள். பரலோகம் இப்படித்தான் இருக்குமோ என்று ஒருநாள் சொல்லிவிட்டேன்.

"பரலோகத்துல இவ்வளவு வேர்க்காது, சும்மா இரு" என்றாள் நாத்தனார். தாடை அக்கா "ம்" என்றாள். சிரிப்பை அடக்கிய "ம்" அது.

அப்படி இருக்கும்போதுதான் அக்கா வீட்டில் ஒரு நெருப்புப் பொறி வந்து விழுந்தது. அக்காவின் புருஷன் வெல்டிங் வேலைக்காரர். முகமூடியைத் தூக்கிவிட்டு, பற்றவைத்த இடம் சரியாக இருக்கிறதா என்று குனிந்த நேரத்தில், சூடான இரும்புத் துகள் தெறித்து இரண்டு கண்ணையும் பதம் பார்த்துவிட்டது. ஆபரேஷன் செய்து இரண்டு கண்ணையும் கட்டி அனுப்பினார்கள். "பார்வை வருமா வராதான்னு கட்டைப் பிரிக்கும்போதுதான் தெரியும். அதுவரைக்கும் யாரும் தொடக் கூடாது. வெளிச்சம் பட்டா எல்லாம் வீணாயிடும்" என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

அக்கா ஜெபம் பண்ணுகிறவள். சமையலறை மூலையில் முழங்கால்போட்டு, "இவரை உமது கையில ஒப்புக்கொடுத்துட்டேன் ஆண்டவரே" என்பாள். சொல்லிவிட்டு எழுந்து நேரே அவர் கையைப் போய்ப் பிடித்துக்கொள்வாள். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து குளியலறைக்கு, பிடித்த பிடி விடமாட்டாள். சோறும் ஊட்டினாள். தலையும் வாரிவிட்டாள். அவர் தும்மினால்கூட இவள் அவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணி, ஜெபத்துல குடுக்கிறீங்க, எந்திரிக்கும்போது மறக்காம திருப்பி வாங்கிட்டு வந்துடுறீங்க. ஆண்டவர்கிட்ட ஒருநாளாவது வச்சிட்டு வரக் கூடாதா?" என்று நாத்தனார் கேட்டாள்.

தாடையில் விரிப்பு. "ம்."

புருஷனுக்கும் பொறுக்கவில்லை. ஒருநாள் நடக்கும்போது, "கையை விடு" என்றார்.

அக்காவுக்குப் பொலபொலவென்று கண்ணீர் வந்துவிட்டது. "நான் எப்படிங்க உங்களைக் கைவிடுவேன்?"

"அடி பைத்தியம், கையை விடச் சொன்னேன். கைவிடவா சொன்னேன்? கை வேர்த்துப்போய் மீன் மாதிரி வழுக்குது."

இதை அக்காவே எங்களிடம் சொன்னாள். சொல்லும்போதும் அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று அப்போது அவளுக்குப் பிடிபடவில்லை. விட்டால் விழுந்துவிடுவார், அவ்வளவுதான்.

அந்த வாரத்தில் ஒரு மத்தியானம். ஜன்னல் திரை மெதுவாக உப்பி, மெதுவாக அடங்கிக்கொண்டிருந்தது. வீடே மூச்சு விடுவதுபோல் இருந்தது. அவர் மல்லாந்து படுத்திருந்தார். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து அந்த வெள்ளைக் கட்டையே பார்த்தாள். உள்ளே வெளிச்சம் இருக்கிறதா, இருட்டா? அவள் விரல் தானாகப் போய்க் கட்டின் ஓரத்தில் நின்றது. ஒரே ஓரம். கொஞ்சம் தூக்கினால் தெரிந்துவிடுமே.

"டாக்டரம்மா வந்துட்டாங்களா?" என்றார் அவர்.

விரலை இழுத்துக்கொண்டாள். "ஈ உக்காந்துச்சுங்க."

"அந்த ஈ நேத்தும் வந்துச்சு."

அக்கா எழுந்து சமையலறைக்கு ஓடினாள். ஜெபிக்க வாய் வரவில்லையாம். தன் விரலைப் பார்த்துப் பயந்துபோனாள். இன்னும் கொஞ்சம் தூக்கியிருந்தால், காப்பாற்றுகிறேன் என்று அவர் பார்வையைத் தானே கெடுத்திருப்பாள்.

மறுநாள் வேலைக்கு வந்தவளுக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. தலை குனியவில்லை. தாடையில் துணி நிற்கவில்லை. விரிப்பு நழுவி ஈரத் தரையில் விழுந்தது. மறுபடி எடுத்தாள், மறுபடி விழுந்தது. நாத்தனார் இயந்திரத்தை நிறுத்திவிட்டு வந்து மறுமுனையைப் பிடித்தாள்.

இருவரும் உதறினார்கள். விரிப்பு காற்றை வாங்கிக்கொண்டு மேலே எழும்பி, அவர்களுக்கு நடுவில் கொஞ்ச நேரம் அப்படியே மிதந்தது. பிறகு இறங்கியது. எதிரெதிரே நடந்து வந்தார்கள். இந்த வேலையில் ஒரு நேரம் உண்டு. ஒருத்தி தன் முனையை மற்றவள் கையில் கொடுத்துவிட்டு வெறுங்கையாக நிற்க வேண்டும். அக்கா கொடுத்தாள், ஆனால் விரலை எடுக்கவில்லை. இருவரும் ஒரே முனையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"விடுங்க அண்ணி."

"பிடிச்சிருக்கியா?"

"நீங்க விட்டாத்தானே நான் பிடிச்சிருக்கேனான்னு உங்களுக்குத் தெரியும்!"

அக்கா விட்டாள். துணி விழவில்லை. நாத்தனார் மடிப்பை முடித்து அடுக்கில் வைத்தாள். லேசாகக் கோணல்தான். அக்கா அதைச் சரி செய்யவில்லை. ஆவிக்கு நடுவில் இரண்டு உள்ளங்கையையும் விரித்து அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றாள். உதடு அசைந்தது. என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. மனுஷி ஜெபிக்கிறாள் என்பது மட்டும் தெரிந்தது. சத்தம் போடாமல் நானும் ஆமென் என்றேன்.

அன்று வீட்டில் அவர் எழுந்தபோது அக்கா கை கொடுக்கவில்லை. "போங்க, இங்கதான் நிக்கிறேன்" என்றாள். அவர் சுவரைத் தடவினார், நாற்காலியில் இடித்தார், வாளியை உருட்டினார். அக்கா தன் சேலைத் தலைப்பை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் ஜன்னலைக் கண்டுபிடித்துத் திரையை விலக்கி, முகத்தில் காற்றை வாங்கினார்.

"இருக்கியா?" என்றார்.

"இருக்கேன்."

"அது போதும்."

அதற்குப் பிறகு அந்த ஈ வரவில்லை. கட்டைத் தொடாமல் இருப்பதே அவளுக்கு ஜெபமாயிற்று. பார்வை வந்தாலும் வராவிட்டாலும் அவர் ஆண்டவர் கையில்தான் இருக்கிறார் என்று எங்களிடம் சொன்னாள். சொல்லும்போது குரல் நடுங்கியது. விசுவாசம் என்றால் நடுக்கமே இல்லாதது என்று நான் எண்ணியிருந்தேன். நடுங்கிக்கொண்டே சொன்னாலும் அது விசுவாசம்தான் என்று அவளிடம் கற்றுக்கொண்டேன்.

கட்டைப் பிரிக்கிற நாளும் வந்தது. அறையில் திரைகளை மூடி, டாக்டரம்மா ஒவ்வொரு சுற்றாக எடுத்தார். அக்கா கதவோரம் நின்றாள். முதலில் இடது கண். அவர் இமைத்தார். "வெளுப்பா இருக்குங்க. வேற ஒண்ணும் தெரியல" என்றார். பிறகு வலது கண். அதையும் இமைத்தார். தண்ணீர் வழிந்தது. துடைத்தார்கள். மறுபடி இமைத்தார். பிறகு அறையைச் சுற்றி மெதுவாகப் பார்த்தார்; பார்வை கதவோரத்தில் அக்காவிடம் வந்து நின்றது.

"உனக்கு எப்போ நரைச்சுது?" என்றார்.

அக்கா தலையைத் தடவிக்கொண்டாள். "நீங்க பாக்காதப்போ."

"நல்லாத்தான் இருக்கு."

இடது கண்ணுக்கு இனிப் பொறுத்துத்தான் பார்க்க வேண்டும், வரவும் வரலாம், வராமலும் போகலாம் என்று டாக்டரம்மா சொன்னார். "பொறுத்திருக்கோம்மா" என்றாள் அக்கா. வெளியே வந்ததும் அவர் படியில் நின்றுகொண்டு தெருவையும், மரத்தையும், போகிற வருகிற முகங்களையும் ஒவ்வொன்றாகப் பார்க்க ஆரம்பித்தார். அவசரப்படுத்தாமல் அக்கா பக்கத்தில் நின்றாள்.