தகரத்துக்கும் சைலன்சருக்கும் நடுவே

சாமிதுரையின் ஜீப்பை ஊரில் யாரும் ஜீப் என்று சொன்னதில்லை. ஒட்டு வண்டி என்றுதான் பெயர். ரோடு கான்ட்ராக்டர் ஒருவரிடம் டிரைவராக இருந்தவர் அவர். கான்ட்ராக்டர் புது வண்டி எடுத்தபோது, பழையதை எடைக்குப் போடுகிற விலைக்கே கேட்டு வாங்கி வீட்டுக்கு ஓட்டி வந்துவிட்டார். நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி. மற்றபடி அதில் உருப்படியாக இருந்தது ஹாரன் மட்டும்தான் என்று தெருவில் சிரித்தார்கள்.

அவர் ஆசைக்கு வாங்கவில்லை. மனைவி வேம்புவுக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போயிருந்தன. முறை தவறாமல் நாகப்பட்டினம் போய் டயாலிசிஸ் செய்தாக வேண்டும். ஒரு முறை தவறினாலும் உடம்பு நீர் கோத்து மூச்சு முட்ட ஆரம்பித்துவிடும். அவர்கள் வீடோ கீழ்வேளூரைத் தாண்டி உள்ளே, வாய்க்கால் கரை மண் பாதையின் கோடியில். ஐப்பசி பிறந்தால் ஆட்டோக்காரர் தார் ரோட்டிலேயே நின்றுகொண்டு, "அம்மாவ அப்படியே தூக்கிட்டு வந்துடுங்க" என்று போனில் சொல்வார். ஒரு மழையில் அப்படித் தூக்கிக்கொண்டு நடந்தவர் வழுக்கி, அவளோடு வாய்க்காலில் விழுந்தார். அதற்குப் பிறகு வந்ததுதான் ஜீப்.

மெக்கானிக்கிடம் அவர் வண்டியை விடவே மாட்டார். பட்டறையில் பிரித்துப் போட்டிருக்கிற நாளில் வேம்புவின் முறை வந்துவிட்டால் என்ன செய்வது? அந்தப் பயத்திலேயே எல்லாம் கற்றுக்கொண்டார். பிரேக் ஷூ மாற்றினார், கிளட்ச் பிளேட்டைக் கழற்றிப் பூட்டினார். போர்வெல்லுக்கு இறக்குகிற பிளாஸ்டிக் குழாயை வளைத்து, எஞ்சின் மூச்சிழுக்கும் வாயைக் கூரை உயரத்துக்கு ஏற்றினார். இனி இடுப்பளவுத் தண்ணீரிலும் வண்டி அணையாது. அவள் ஏற வசதியாகக் கம்பியில் படி வைத்தார். திரும்பி வரும்போது அவள் மயங்கிச் சாய்கிறாள் என்று, லாரியில் சரக்குக் கட்டும் பட்டையை சீட்டோடு சேர்த்து போல்ட் போட்டு முறுக்கினார். அவிழ்க்க ஸ்பேனர் வேண்டும். அவ்வளவு உறுதி.

கடைசியாகச் செய்தது அடித் தகரம். பாதையில் துருத்திக்கொண்டிருந்த ஒரு கல் எஞ்சினின் அடிவயிற்றைக் கிழித்து ஆயில் முழுக்க ஒழுகிப்போனது. உடனே ஆயில் டிரம் ஒன்றை வெட்டி விரித்து, எஞ்சினுக்கும் கியர் பெட்டிக்கும் கீழே தொட்டில் மாதிரி கட்டினார். சேறு புகுந்தால் பீய்ச்சிக் கழுவ முன்பக்கம் ஒரு சாண் இடைவெளியும் விட்டார். அந்தச் சாண் இடைவெளியை அவர் எல்லோருக்கும் குனிந்து காட்டினார். மனிதருக்கு அதில் பெருமை தாங்கவில்லை.

பங்குனியில் பாதை காய்ந்து கட்டாந்தரையாகிவிட்டது. வேம்பு, "வெயில் காலந்தானே, ஆட்டோவே வரும். நீங்க ஏன் சிரமப்படுறீங்க?" என்றாள்.

"நம்ம வண்டி இருக்கறப்ப இன்னொருத்தன் வண்டியில ஏறுவியா நீ?"

அவள் ஏறி உட்கார்ந்தாள். அவர் பட்டையை இழுத்து முறுக்கினார்.

உளுந்து அறுப்புக் காலம். தார் ரோடு நெடுகப் பிடுங்கிய உளுந்துச் செடியைப் பரப்பியிருந்தார்கள். பஸ்ஸும் லாரியும் ஏறினால் பயறு உதிர்ந்துவிடும், அடிக்கிற கூலி மிச்சம். ரோடோரம் குத்தகைக்கு உழுகிற செந்தாமரை முறத்தோடு நின்றிருந்தாள். கையை ஆட்டினாள்.

"அண்ணே, காலையிலேர்ந்து ஒரு வண்டியும் வரல. பின்னால எடுத்து இன்னும் ரெண்டு தடவ ஏத்திட்டுப் போங்கண்ணே!"

ஊர் வழக்கம் அது, யாரும் மறுக்க மாட்டார்கள். சாமிதுரையும் சிரித்துக்கொண்டே முன்னும் பின்னுமாக ஓட்டிக் கொடுத்தார். நல்ல காய்ந்த செடி, மொறமொறவென்று நொறுங்கியது.

கொஞ்ச தூரம் போனதும் வேம்பு மூக்கைச் சுளித்தாள். "ஏங்க, கருகுற வாடை வருது."

"தாளக் கொளுத்துறானுங்க. இந்த நேரத்துல வராம?"

உண்மைதான். தாளடி நெல் அறுத்த வயல்களில் மிஞ்சிய தாளைக் கொளுத்தி, இருபுறமும் புகை நின்றது. அந்த மாதத்தில் அந்த வாடை இல்லாவிட்டால்தான் ஆச்சரியம். அவர் கண்ணாடியை ஏற்றச் சொன்னார்.

"கால் சுடுதுங்க."

"எஞ்சின் சூடு. அடுத்த வாரம் ரப்பர் மேட் போடுறேன்."

அவள் காலைச் சற்று மடக்கிக்கொண்டாள். அவர் சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்புகிறவள். கியர் கம்பி நுழைகிற ஓட்டை வழியாகத் தீ நாக்கு வெளியே வந்தபோதுதான் அவர் பிரேக்கை மிதித்தார். ஸ்பேனர் சீட்டுக்கு அடியில், தீக்குள் இருந்தது. பட்டையைப் பல்லால்கூடக் கடித்துப் பார்த்தார். வயலில் தாள் கொளுத்திக்கொண்டிருந்த ஒருவர் ஓடி வந்து அரிவாளால் அறுத்தார். அதற்குள் அவளுடைய இரண்டு கால்களும் முழங்கால் வரை வெந்துவிட்டன.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் சில நாள் கிடந்தாள். ஏற்கெனவே நொந்த உடம்பு, தாங்கவில்லை. போய்ச் சேர்ந்தாள்.

ஊர் முழுக்க ஒரே பேச்சு: செந்தாமரை போட்ட உளுந்துச் செடிதான் வண்டிக்கு அடியில் சுற்றிக்கொண்டு தீப்பிடித்தது. விசாரிக்க வந்த போலீஸ்காரர்களும் அதையே சொன்னார்கள். அவளோடு தண்ணீர் எடுக்கவும் யாரும் போகவில்லை. கருமாதி முடிந்த மறுநாள் அவள் சாமிதுரையின் வாசலில் வந்து விழுந்தாள்.

"நான் கூப்பிடாம இருந்திருந்தா அக்கா இருந்திருப்பாங்களே... என்னைத் திட்டுங்கண்ணே. அடிச்சாலும் அடிங்க."

சாமிதுரை எழுந்து கொல்லைக்குப் போனார். இழுத்து வந்து போட்டிருந்த எரிந்த வண்டிக்கு அடியில் படுத்து, துருவும் கரியும் ஏறிய போல்ட்டுகளைச் சுத்தியலால் அடித்து உடைத்தார். வெகுநேரம் ஆயிற்று. தகரத்தைக் கழற்றி வாசலுக்கு இழுத்து வந்து, தெருவே பார்க்க அவள் முன்னால் போட்டார். சைலன்சர் உரசுகிற இடத்தில் கருகிய உளுந்துச் செடி அடை அடையாக இறுகியிருந்தது.

"தகரம் கட்டாத வண்டியா இருந்தா செடி கீழ விழுந்து போயிருக்கும் தங்கச்சி. அதை அள்ளிக்கறதுக்கு நான்தான் தொட்டி கட்டி வச்சேன்."

அவள் புரியாமல் பார்த்தாள்.

"வாடை வருதுன்னு உங்கக்கா சொன்னா. கால் சுடுதுன்னும் சொன்னா" என்றார். பிறகு தெருவில் நின்றவர்களைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்: "கண்ணாடிய ஏத்துன்னு சொன்னது நான்."