கேடயக்காரன் எடுத்து வைத்த ஓரடி

திரையில் எதிரி கேடயத்தால் தடுத்தால், ரிமோட்டை வாளாக வீசுகிறவரின் கையும் மரியாதையாக அந்தரத்தில் நின்றுவிடும் என்று மனதார நம்பினேன். என் கை நின்றது. நிற்காமல் என்ன செய்யும்? கேடயம் எப்போது உயரும் என்று எழுதிவைத்ததே நான்தானே.

தாம்பரத்தில் ஒரு சின்னக் கம்பெனியில் ரிமோட்டை வீசினால் திரையில் வாள் வீசும் வீடியோ கேம் ஒன்றை வடிவமைத்துக்கொண்டிருந்தேன். திங்கட்கிழமை வாடிக்கையாளர் வருகிறார். வாள்சண்டை நிஜமாக இல்லையென்றால் திட்டத்தை மூடிவிடுவார். சனிக்கிழமை இரும்புலியூர் வீட்டுக்கு மீன் கொண்டுவந்த அக்காவிடம் ரிமோட்டைக் கொடுத்தேன். ஓங்கி ஒரு போடு போட்டார். திரையில் வாள் கேடயத்தில் நின்றது. அக்காவின் கை முழங்கால்வரை இறங்கிவிட்டது.

“இன்னா சார், கை இங்க கீது, கத்தி அங்கயே மாட்டிகினு கீது?”

“அவன் தடுத்துட்டான்க்கா.”

“தடுக்கட்டும். இம்மாம் வேகமா அடிச்சா ஒரு அடி பின்னால போவ மாட்டானா? செவுரா அவன்?”

சங்கரா மீனைப் பொறுக்கிக்கொண்டே என் மனைவி, “ரெண்டு மாசமா இதைத்தான் பண்றீங்களா?” என்றாள்.

வேலை போனால் அக்கா என்னைக் கூடை தூக்கவாவது சேர்த்துக்கொள்வாரா என்ற கவலையோடு ஞாயிறு முழுக்க உட்கார்ந்தேன். அடி விழுந்ததும் எதிரி தள்ளாடி ஓரடி பின்வாங்க, வாள் கையோடு சேர்ந்து இறங்கும்படி மாற்றினேன்.

திங்கட்கிழமை வந்தவர் கால்மணி நேரம் அவனை விரட்டி விரட்டி அடித்தார். திட்டம் பிழைத்தது. வாளைப் பற்றி அவர் ஒன்றுமே கேட்கவில்லை. ரிமோட்டில் ஏன் மீன் வாசனை வருகிறது என்று மட்டும் கேட்டார்.