பெரணிக்குக் கீழே ஒரு தேயிலைச் செடி

தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டுக்குப் பின்னால் மண் சரியாமல் இருக்கச் சிமெண்ட் பூச வந்தார்கள். அந்த ஈரச் சரிவில் தானாக முளைத்திருந்த பெரணியில் ஒரு கொத்தை மட்டும் வேரோடு பெயர்த்து எடுத்துக்கொண்டேன். கறுத்த நூல் போன்ற தண்டு, விசிறி விசிறியாக இலை. மற்றதெல்லாம் சிமெண்டுக்கு அடியில் போயிற்று. பிழைத்தால் இது ஒன்றுதான்.

பின்வாசலில் நிழல் உண்டு. குழாய் ஒழுகுவதால் ஈரமும் உண்டு. குழாயைச் சரிசெய்யாமல் இருக்க நல்ல காரணம் கிடைத்தது. பழைய வாளியில் கரித்துண்டும் மக்கிய இலையும் கலந்து நட்டேன். தளிர் சுருண்டு எழும்பியது, மறுநாள் காணோம். அடுத்ததும் அப்படியே. செடி மொட்டையாகிக்கொண்டே வந்தது.

பக்கத்து வீட்டு இளைஞர் கோழி வளர்க்கிறவர். அவரிடம் போய்ச் சொன்னேன்.

“தம்பி, கோழிய அடைச்சி வை லா. என் செடிய தின்னு தீக்குது.”

“எங்க கோழி முறுக்கு திங்கும் அங்கிள். புல்லெல்லாம் திங்காது.”

புல் என்று சொன்னதற்காகவே அவரோடு பேச்சை நிறுத்தினேன்.

முட்டி தேய்ந்துவிட்டது என்று தானா ராத்தா டவுன் ஆஸ்பத்திரியில் சொன்னதால் என் மனைவி தோட்டத்தில் கொழுந்து எடுப்பதை விட்டிருந்த சமயம் அது. மழை இல்லை, அட்டைக்கடி இல்லை, கங்காணி சத்தம் இல்லை, நிம்மதி என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளோடு போனில் பேசினாள். பின்வாசலில் நின்றால்தான் எங்களுக்கு லைன் கிடைக்கும். பேச்செல்லாம் மகளிடம், வலது கை மட்டும் பெரணியில் இருந்தது. பார்க்காமலே தளிரைக் கிள்ளி, தோளுக்கு மேலாகப் பின்னால் போட்டது. முதுகில் கூடை இல்லை. தளிர் தரையில் விழுந்தது.

பக்கத்து வீட்டுக்குப் போய் ஒரு பாக்கெட் முறுக்கு கொடுத்தேன்.

“கோழிக்கு,” என்றேன்.

மறுநாள் பெரணியை உயரக் கொக்கியில் மாட்டிவிட்டு, தோட்டத்தில் கேட்டு வாங்கி வந்த தேயிலைச் செடி ஒன்றை அந்த இடத்தில் தொட்டியோடு வைத்தேன்.

“ஏங்க, மலை பூரா தேயிலதான். இதப் போயி வீட்டுல வைக்கிறீங்க?”

“அழகுக்கு.”

பெரணி இப்போது வாளியை மறைத்துத் தொங்குகிறது. தேயிலை இடுப்புக்கு மேல் வளரவே இல்லை. போன வாரம் மகளோடு பேச்சுக்கு நடுவே மனைவி போனைப் பொத்திக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள்.

“அந்தத் தேயிலய கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளி வைங்க லா. கை எட்டல.”

தள்ளி வைத்தேன்.