தானே நின்று தானே புறப்பட்ட ரயில்

எண்பதுகளின் தொடக்கத்தில் சேலம் தொலைபேசி நிலையத்தில் மெக்கானிக்காக இருந்தேன். சூரமங்கலத்தில் வாடகை வீடு. மனைவியும் ஒரே மகளும் எடப்பாடியில் இருந்தார்கள். எங்களுக்குள் சண்டை ஒன்றும் இல்லை. மாமனார் திடீரென்று இறந்துபோனார். அவர் விட்டுப்போன நான்கு விசைத்தறிகளைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை.

“ஒரு மாசம் இருந்துட்டு வாரேனுங்க” என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். ஒரு மாதம் மூன்று மாதமாயிற்று. ஜூனில் மகளை அங்கேயே ஒன்றாம் வகுப்பில் சேர்த்துவிட்டதாகக் கடிதம் வந்தது. என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன். அது அவளுக்குத் தெரிந்திருந்ததுதான் எனக்கு உறுத்தியது.

அந்த மழைக்காலத்தில், ஊருக்கு வெளியே ஆலை ஒன்றில் இயந்திரம் நிறுவ வந்திருந்த வெளிநாட்டு எஞ்சினியர் வீட்டுக்குப் போனேன். குடும்பம் ஊர் திரும்புகிறது, போன் இணைப்பைக் கழற்ற வேண்டும். கூடத்தில் ஓர் அட்டைப்பெட்டி இருந்தது. அந்த அம்மாள் அதைக் காட்டி, எனக்குக் குழந்தை உண்டா என்று சைகையில் கேட்டாள். ஒரு விரலை உயர்த்தினேன். அவளே பெட்டியைத் தூக்கிவந்து என் சைக்கிள் கேரியரில் வைத்துக் கட்டினாள்.

வீட்டில் வந்து திறந்தால், உள்ளே பிளாஸ்டிக் கட்டைகள். மேலே குமிழ் குமிழாக இருக்கும். ஒன்றன்மேல் ஒன்றை அழுத்தினால் கவ்விக்கொள்ளும். அவற்றோடு ஒரு நீல எஞ்சின், இரண்டு பெட்டிகள், சாம்பல் நிறத் தண்டவாளத் துண்டுகள், ஒரு சின்ன டிரான்ஸ்பார்மர். மகள் பொங்கல் லீவுக்கு வரும்போது காட்டலாம் என்று யாரிடமும் சொல்லாமல் வைத்துக்கொண்டேன்.

முன்னறையில் இரண்டு பலகைகளைச் சேர்த்துப் போட்டு, வேலை முடிந்து வந்ததும் உட்கார்ந்துவிடுவேன். ஸ்டேஷன் கட்டச் சிவப்புக் கட்டை போதவில்லை. பாதிச் சுவருக்கு மேல் மஞ்சள், அதற்கும் மேல் வெள்ளை என்று போயிற்று. கூரைக்கு எதுவுமே மிஞ்சவில்லை. சோப்பு அட்டையை மடித்து வைத்தேன். பொங்கலுக்கு அவர்கள் வரவில்லை. தறிக்கு நிறைய வேலை வந்துவிட்டதாம். மே மாதம் மகளை அனுப்பி வைக்கிறேன் என்று மனைவி சொல்லியனுப்பினாள்.

ரயில் ஓடியது. ஆனால் டிரான்ஸ்பார்மரில் இருந்த குமிழைத் திருப்பினால் ஓடும், மறுபடி திருப்பினால் நிற்கும். மீசை வைத்த ஆள் ஒருவன் வெறும் வீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்து குமிழைத் திருப்பிக்கொண்டிருப்பது எனக்கே வெட்கமாக இருந்தது. அது தானாக ஸ்டேஷனில் நின்று தானாகப் புறப்பட்டால், வேறு யாரோ ஓட்டுவது போலவும் நான் உட்கார்ந்து பார்ப்பது போலவும் இருக்கும். வீட்டில் இன்னொரு ஆள் இருப்பது போல.

எப்படிச் செய்வது என்பதுதான் பிடிபடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் எடப்பாடிக்குப் பஸ் ஏறிப் போவேன். மாமியார் “வாங்க மாப்ளை” என்பார். மகள் கொஞ்ச நேரம் மடியில் உட்கார்ந்துவிட்டு விளையாட ஓடிவிடுவாள். அன்றொரு நாள் பேச்சுக்கு ஒன்றும் இல்லாமல் தறிக்கொட்டகையில் நின்றிருந்தேன். ஓடிக்கொண்டிருந்த தறி ஒன்று யாரும் தொடாமலே டக்கென்று நின்றது.

“இது எப்படிப் புள்ள தானா நின்னுச்சு?” என்று மனைவியிடம் கேட்டேன்.

அவள் ஆச்சரியமாக என்னைப் பார்த்தாள். பிறகு குனிந்து காட்டினாள். “இங்க பாருங்க, முள்ளுக்கரண்டியாட்டம் ஒண்ணு இருக்குதுங்களா? குறுக்கால ஓடற ஊடை நூலு வந்து வந்து இதத் தள்ளிக்கிட்டே இருக்கோணும். நூலு அறுந்துபோச்சுன்னா இதத் தள்ள ஆளில்லீங்க. உடனே தறி நின்னு போயிரும்.”

“நூலு தள்ளறது அதுக்குத் தெரியுமா?”

“தெரியறதென்னங்க, தொட்டா ஓடும், தொடலீன்னா நிக்கும்.”

நான் மேலும் மேலும் கேட்டேன். அவள் தறியைக் கையால் மெதுவாகச் சுற்றி, நிறுத்தி, மறுபடி சுற்றிக் காட்டினாள். விரல்களில் எண்ணெய்க் கறை. இத்தனை விஷயம் அவளுக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியாது. அந்த வருஷத்தில் நாங்கள் இருவரும் அவ்வளவு நேரம் பேசியது அன்று ஒருநாள்தான். எதற்காகக் கேட்கிறேன் என்று அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

தொலைபேசி நிலையத்தில் கழித்துப்போட்ட ரிலேக்கள், மின்சாரம் பாய்ந்தால் தானே இழுத்துக்கொள்ளும் சுவிட்சுகள், ஒரு மூலையில் குவிந்து கிடந்தன. மேலதிகாரியிடம் கேட்டு நான்கு எடுத்துவந்தேன். ஸ்டேஷனுக்கு முன்னால் தண்டவாளத்தின் ஓரமாக மெல்லிய பித்தளைத் தகடு ஒன்றைப் பொருத்தினேன். எஞ்சின் அதைத் தொட்டதும் ரிலே இழுத்துக்கொண்டு மின்சாரத்தை வெட்டும். கண்டன்சர் ஒன்றில் தேங்கிய மின்சாரம் மெல்ல வடிந்து முடியும்வரை ரயில் நிற்கும். வடிந்ததும் ரிலே விட்டுவிடும், ரயில் புறப்படும். சொல்வதற்குச் சுலபம். சரியாக வருவதற்கு மாசி, பங்குனி இரண்டும் போயின. ஒருமுறை நிற்காமல் ஓடும், ஒருமுறை நின்றது நின்றபடியே கிடக்கும்.

சரியாக வந்த அன்று சாயங்காலம், தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு எதிரில் உட்கார்ந்தேன். ரயில் வந்தது, நின்றது, புறப்பட்டது. சுற்றி வந்து மறுபடி நின்றது. ஒரு மணி நேரம் பார்த்திருப்பேன். சந்தோஷம்தான். யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. எழுந்து தட்டைக் கழுவினேன்.

மே மாதம் பத்து நாள் லீவு போட்டுவிட்டு மகளை அழைத்துவந்தேன். வாசலிலேயே அவள் கண்ணைப் பொத்தி உள்ளே கூட்டிப்போய்ச் சுவிட்சைப் போட்டேன். கைதட்டினாள். மூன்று சுற்று பார்த்தாள். நாலாவது சுற்றில் என் பக்கம் திரும்பினாள்.

“நானு என்னப்பா பண்றது?”

“பாரு சாமி. தானா நிக்குது பாரு.”

“பாத்துட்டனுங்கப்பா.”

மறுநாள் காலையில் பால் வாங்கிக்கொண்டு திரும்பினால், ரயிலைத் தண்டவாளத்திலிருந்து தூக்கித் தரையில் வைத்து, வாயால் கூவிக்கொண்டு அடுப்படி வரை தள்ளிப்போய்க்கொண்டிருந்தாள். பித்தளைத் தகடு வளைந்து கிடந்தது. என்னைப் பார்த்ததும் கையை எடுத்துக்கொண்டாள்.

“தப்புங்களாப்பா?”

“இல்ல சாமி” என்று சொல்லிவிட்டு, ரிலேக்களோடு எல்லா ஒயரையும் பிடுங்கிப் பரணில் போட்டேன். அப்புறம் நாங்கள் இரண்டு பேரும் வீடு முழுக்க ரயில் தள்ளினோம். ஸ்டேஷனைப் பிரித்துவிட்டு அந்தக் கட்டைகளில் அவள் ஒரு மாட்டுக்கொட்டகை கட்டினாள்.

ஊருக்குப் போவதற்கு முந்தின நாள், கட்டையை அடுக்கிக்கொண்டே கேட்டாள்: “நீங்க மட்டும் இங்க எதுக்குங்கப்பா இருக்கறீங்க?”

“போன் ஆபீசுல வேலை இருக்குதில்ல.”

“எடப்பாடியில போன் இல்லீங்களா?”

இருந்தது. மாற்றல் கேட்டிருக்கலாம். கேட்டால், மனைவி இனித் திரும்பி வரமாட்டாள் என்று நானே ஒத்துக்கொண்டது போலாகிவிடும் என்றுதான் கேட்காமல் இருந்தேன். மகளைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்த வாரம் விண்ணப்பம் எழுதினேன்.

உத்தரவு வர ஒன்றரை வருஷமாயிற்று. போய்ச் சேர்ந்தபோது மகளுக்கு அவளுடைய சிநேகிதிகள், மனைவிக்கு அவளுடைய தறிகள். நான் எங்கே உட்காருவது என்றுகூடத் தெரியாமல் இருந்தேன். சாப்பிடும்போது, “இன்னுங் கொஞ்சம் ரசம் ஊத்தட்டுங்களா?” என்று விருந்தாளியைக் கேட்பது போல மனைவி கேட்பாள். போதும் என்பேன். பல மாதங்கள் இப்படியே போயின. அவள் கேட்காமல் ஊற்றத் தொடங்கியது எப்போது என்று எனக்குச் சரியாக நினைவில்லை.