ரேஸ் ரோட்டில் உடைந்த பூசணிக்காய்

1. போன் வந்த நாள்

சென்னையில் ஊருக்கு நடுவே ரோட்டை மறித்து கார் ரேஸ் விடப் போகிறார்கள், அதற்கு ஒரு ஹைட்ரா கிரேன் வேண்டும் என்று போன் வந்தபோது, நான் செஞ்சியில் ஒரு போர்வெல் மோட்டாரைத் தூக்கிக்கொண்டிருந்தேன். போனில் பேசியவர் எங்கள் முதலாளி தண்டபாணி. கிரேன் அவருடையது. ஓட்டுபவன் நான், பெயர் ஏழுமலை. பெல்ட் மாட்டுபவன் என் மனைவியின் தம்பி முருகன். நாங்கள் தூக்காத பொருள் செஞ்சி வட்டாரத்தில் கிடையாது. கருங்கல், டிரான்ஸ்ஃபார்மர், கிணற்றுக்குள் விழுந்த டிராக்டர் என்று எல்லாம் பார்த்தாயிற்று. ரேஸ் கார்தான் பாக்கி இருந்தது.

"மெட்ராஸ்ல இல்லாத கிரேனா மொதலாளி? இன்னாத்துக்கு நம்மளக் கூப்புடுறாங்க?" என்றேன்.

"அங்க இருக்குற வண்டியெல்லாம் மெட்ரோ வேலைல மாட்டிக்கினு இருக்குதாம். நீ போறியா, வேற ஆளப் பாக்கட்டா?"

வேற ஆளாமே! மறுநாளே கிரேனுக்கு கிரீஸ் அடித்தேன்.

வேலை என்னவென்றால், அந்த காருக்கு ஒரே சீட்டு. நான்கு சக்கரமும் மேல்மூடி இல்லாமல் வெளியே நிற்கும். எங்காவது மோதி நின்றுவிட்டால், டிரைவர் இறங்கியதும் சீட்டுக்குப் பின்னால், தலை உயரத்தில் இருக்கும் இரும்பு வளையத்தில் பெல்டை மாட்டி, அலாக்காகத் தூக்கி, தடுப்புச் சுவருக்கு இந்தப் பக்கம் வைக்க வேண்டும். அதுவரை மற்ற வண்டிகள் ஓடாது. காரை எதிலும் இடிக்கவும் கூடாது.

ஒரே இடத்தில் மாட்டித் தூக்கினால் எந்தப் பொருளும் சுற்றும். அதனால் திருவண்ணாமலை ரோட்டில் எங்கள் ஷெட்டுக்கு எதிரே ஒரு ஓட்டை வேனைத் தூக்கித் தூக்கி இறக்கிப் பழகினோம். முருகன் கயிறு கட்டி இழுத்து, அது சுற்றாமல் பார்த்துக்கொண்டான். டீக்கடையில் இருந்த கூட்டம் மொத்தமும் எழுந்து வந்துவிட்டது.

"இன்னா ஏழுமல, வேனுக்குத் தூளி கட்டித் தாலாட்டுறியா?"

"ஆமா, வா, நீயும் படுத்துக்க," என்றேன். வேலை நேரத்தில் வந்து வாயைக் கிளறினால் எனக்குப் பொறுக்காது.

2. முதலாளியின் பக்தி

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. புது சைட்டில் வண்டி இறங்கினால், வேலை தொடங்கும் முன் முன்சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவோம். பெரிய வேலை என்றால் பூசணிக்காயில் துளை போட்டு, குங்குமம் கொட்டி, கற்பூரம் ஏற்றி, வண்டியை மூன்று முறை சுற்றி, வண்டி மூஞ்சிக்கு நேராக ரோட்டில் போட்டு உடைப்போம். அதைச் செய்யாமல் கிரேனின் நீளக் கையான பூமைத் தூக்க எனக்கும் கை வராது. பக்தி இல்லாதவன் என்று யாரும் என்னைச் சொல்ல முடியாது.

முதலாளிக்கு அந்த பக்தி கொஞ்சம் கூடுதல். வல்லத்தில் இருக்கும் அவருடைய நிலத்தில் விளைந்ததிலேயே பெரிய பூசணிக்காயைப் பார்த்து எடுத்து, கார் பின் சீட்டில் வைத்து, வெள்ளை வேட்டி சட்டையோடு சென்னைக்கே வந்து சேர்ந்தார்.

எங்களுக்குக் கொடுத்த இடம் ஒரு வளைவு. ஒரு பக்கம் ரேஸ் ஓடும் ரோடு, மறுபக்கம் நாங்கள், நடுவில் கான்கிரீட் தடுப்பு. தடுப்பில் ஒரு ஆள் நுழையும் அளவுக்கு வழி விட்டிருந்தார்கள். கிரேன் ரோட்டைப் பார்த்து நின்றது. அந்த வளைவுக்குப் பொறுப்பு ஒரு மேடம். ஆரஞ்சு கலர் உடுப்பு, இடுப்பில் வாக்கி டாக்கி. முப்பது வயசு இருக்கும். என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவார். மத்தியானம் பிராக்டிஸ் ஓட்டத்துக்கு முன்னால், கிரேன் ஓட்டுபவர்களுக்கு எல்லாம் விளக்கம் சொல்ல என்னைக் கூட்டிக்கொண்டு போனார்.

கூட்டம் முடிந்து இருவரும் திரும்பி வந்தோம். முதலாளி தடுப்பைத் தாண்டி ரோட்டில் நின்று, கைகூப்பிக் கண்ணை மூடியிருந்தார். பக்கத்தில் முருகன் கற்பூரத் தட்டோடு பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான். வண்டி மூஞ்சிக்கு நேராக, ரேஸ் கார்கள் பிரேக் பிடித்துத் திரும்பும் இடத்தில், வல்லத்துப் பூசணிக்காய் நாலாப் பக்கமும் சிதறிக் கிடந்தது. சதை, கொட்டை, குங்குமத் தண்ணி என்று ரோடே சிவந்திருந்தது.

மேடம் வாயில் கை வைத்துக்கொண்டார். அவர் பேசுவதற்குள், கேமராவில் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்த கண்ட்ரோல் ரூம் வாக்கி டாக்கியில் பேசியது.

"உங்க முன்னாடி ரோட்ல ரெட் கலர்ல என்ன லிக்விட்? ஆயில் லீக்கா?"

மேடம் தொண்டையைச் செருமினார். "இல்ல சார். பூசணிக்காய்."

"திரும்பச் சொல்லுங்க?"

"பூசணிக்காய், சார். திருஷ்டிப் பூசணிக்காய்."

பிறகு, "கார் எல்லாம் ரெடியா நிக்குதும்மா. சீக்கிரம் கிளியர் பண்ணுங்க," என்றது.

3. துடைத்தது

"மொதலாளி, இன்னா பண்ணி வச்சிருக்கீங்க?" என்று கத்தினேன். என் வாழ்நாளில் அவரிடம் அப்படிப் பேசியதில்லை.

"எப்பவும் பண்றதுதானடா?"

"எப்பவும் வண்டிக்கு முன்னாடி மண்ணு இருக்கும். இங்க பையனுங்க உயிரக் கையில புடிச்சிக்கினு பறப்பானுங்க. இதுல டயர் ஏறுச்சுன்னா?"

அவருக்கு அப்போதுதான் உறைத்தது. முகம் வெளிறிப் போய்விட்டது.

முருகன் தண்ணீர் கேனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான். "ஐயோ, தண்ணி ஊத்தாதீங்க, இன்னும் வழுக்கும்!" என்று மேடம் அலறினார். முதலில் பெரிய துண்டுகளைப் பொறுக்கினோம். பிறகு கொட்டைகள். பூசணிக் கொட்டையைக் கையால் பொறுக்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பிடித்தால் நழுவி இன்னும் தூரமாய்ப் போய் விழும். முதலாளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மண்டியிட்டுப் பொறுக்கினார். ஆயில் கொட்டினால் தூவுவதற்கு வைத்திருந்த சிமெண்ட் பவுடரைத் தூவி, தேய்த்து, பெருக்கி, காற்றடிக்கும் மெஷினால் ஊதினோம். கடைசியில் என் துண்டை எடுத்து மூலை முடுக்கெல்லாம் துடைத்தேன். மேடம் ஷூவால் அழுத்தித் தேய்த்துப் பார்த்துவிட்டு "கிளியர்" என்று சொன்னார்.

குங்குமக் கறை மட்டும் லேசாகத் தெரிந்தது.

4. நீலக் கார்

வண்டிகள் வந்தன. அந்தச் சத்தம் காதில் கேட்பதற்கு முன்னால் நெஞ்சில் கேட்கிறது. முதல் கார் எங்கள் வளைவைத் தாண்டும்வரை நான் மூச்சு விடவில்லை. ரெண்டாவது, மூன்றாவது எல்லாம் ஒழுங்காகப் போயின. சரி, தப்பித்தோம் என்று கேபினில் சாய்ந்தேன்.

அடுத்த சுற்றில் ஒரு நீலக் கார் எங்கள் கண்ணெதிரே ஒரு சுற்று சுற்றித் தடுப்பில் போய் இடித்து நின்றது.

சிவப்புக் கொடி காட்டி எல்லா வண்டியையும் நிறுத்தினார்கள். டிரைவர் கொஞ்ச நேரம் அசையவில்லை. முதலாளி பின்னால் நடைபாதையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "முருகா, எந்திரிடா நைனா, எந்திரிடா," என்று யாரோ பெற்ற பிள்ளைக்காக முருகனைக் கூப்பிட்டு அழுதார். எங்கள் முருகன் தன்னைத்தான் கூப்பிடுகிறார் என்று திரும்பிப் பார்த்தான். சாமியைக் கூப்பிடுகிறார் என்று புரிய அவனுக்குக் கொஞ்ச நேரமானது.

பையன் ஸ்டியரிங்கைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்தான். நடந்தே தடுப்புக்கு இந்தப் பக்கம் வந்தான். அதற்குப் பிறகுதான் என் கை லீவருக்குப் போனது. முருகன் வளையத்தில் பெல்டை மாட்டினான், கயிற்றைப் பிடித்தான். எங்கள் இருவர் மனதிலும் ஒரே எண்ணம்தான்: இது நம்மால் ஆனதா? ஆனாலும் கார் ஆடாமல் அசையாமல் தூக்கப்பட்டு, குழந்தையை இறக்குவதுபோல இறங்கியது. ஓட்டை வேன் புண்ணியம்.

கேபினில் இருந்து இறங்கி நேராக மேடத்திடம் போனேன். "மேடம், மறைக்காம சொல்லுங்க. நம்ம பூசணிக்காதானா?"

"இருங்கண்ணா," என்று சொல்லி ரோட்டில் குனிந்து பார்த்துக்கொண்டே நடந்தார். டயர் கிழித்த கறுப்புக் கோடு தொடங்கிய இடத்தில் நின்றார். கார் குங்குமக் கறைக்கு வந்து சேர நல்ல தூரம் இருக்கும்போதே அது தொடங்கியிருந்தது. கோடு அந்தக் கறையைத் தொடவே இல்லை.

பையனும் சொன்னான். கோயம்புத்தூர்க்காரன். "பின் பிரேக் லாக் ஆயிருச்சுங்கக்கா. நான்தான் லேட்டா புடிச்சேன்."

அப்பாடா! எனக்கு உயிர் திரும்பி வந்தது. அந்தப் பையனின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன். வேர்த்து, ஜில்லென்று இருந்தன. என் கையும் அப்படித்தான் இருந்திருக்கும். அவன் பாட்டுக்கு சிரித்தான்.

"ரோட்ல பூசணிக்கா இருக்குது, லேட்டாகும்னு டீம்ல சொன்னாங்க. நீங்கதானுங்களாண்ணா அது?"

"எங்க மொதலாளி," என்று கையைக் காட்டினேன்.

"நாளைக்கு அம்மா வர்றாங்க. ரேஸ்னாலே பயந்துக்குவாங்க. இன்னொரு பூசணிக்கா இருந்தா எனக்கும் சுத்திப் போட்டுருங்க."

முதலாளி வேட்டியை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார். "இதோ, மார்க்கெட்டுக்குப் போயி..."

"உக்காருங்க மொதலாளி!" நானும் மேடமும் ஒரே குரலில் கத்தினோம்.

மறுநாள் கார் நிறுத்தும் இடத்துக்குப் பின்னால், மண் தரையில், மேடம் கை காட்டிய இடத்தில் பூசணிக்காய் உடைந்தது. பையனுடைய அம்மா பக்கத்தில் நின்று கும்பிட்டார். அன்று எங்கள் கிரேனுக்கு வேலையே வரவில்லை. நாள் முழுக்க சும்மா நின்றதில் இவ்வளவு சந்தோஷம் எனக்கு வேறு எந்த சைட்டிலும் கிடைத்ததில்லை.

கிரேன் ஓட்ட வரும் தம்பிகளுக்குச் சொல்வது இதுதான். சாமி கும்பிடாதே என்று நான் சொல்ல மாட்டேன், நானே கும்பிடுகிறவன். ஆனால் வண்டியை எங்கே நிறுத்தினாலும், எதிரே இருக்கும் ரோட்டில் யார் வரப் போகிறார்கள் என்று முதலில் கேட்டுவிடுங்கள். நம்முடைய வண்டிக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்று நாம் உடைக்கிற காயில், இன்னொருத்தர் பிள்ளை வழுக்கி விழக் கூடாது.