சீனி தின்ற கோழி

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஐந்து பிள்ளைகளையும் ஒரு கோழியையும் வளர்த்திருக்கிறேன். பிள்ளைகளை வளர்த்ததற்கு என்னை ஒருவரும் பாராட்டவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. அது எல்லாத் தாய்மாரும் செய்கிற வேலை. ஆனால் சாகக் கிடந்த கோழியைப் பிழைக்க வைத்தது நான் தனியே செய்த காரியம். அதைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை.

வெள்ளவத்தையில் மூத்த மகனோடும் மருமகளோடும் இருக்கிறேன். எங்களுடையது மாடிக் கட்டடத்தில் கீழ்த்தட்டு வீடு. குசினிக்குப் பின்னால், மதிலுக்கு இப்பால், உடுப்புக் காயப்போடுகிற அளவுக்கு ஒரு துண்டு நிலம். முட்டைக்குத் தட்டுப்பாடு வந்த காலத்தில் அங்கே வளர்க்கவென்று ஒரு சிவப்புப் பேடு வாங்கினோம். பெயர் வைக்கவில்லை. "பா, பா" என்றால் ஓடி வரும். நான் கதிரையில் இருந்தால் மடியில் ஏறும்.

போன வருடம் அது முட்டையிடுவதை நிறுத்தியது. உடம்பைக் குறுக்கிக்கொண்டு ஒரு மூலையில் நின்றது. வாலுக்குக் கீழே இறகெல்லாம் வெள்ளையாய்ப் பசைபோல ஒட்டிக் கிடந்தது. கிட்டப் போனால் புளித்த வாடை. கோழிக்கு எச்சமும் முட்டையும் வருவது ஒரே வாசலால். அந்த வாசல்தான் பழுதாகியிருந்தது.

நான் மஞ்சளும் வேப்பிலையும் அரைத்து அப்பினேன். சிரங்கோ வெட்டுக்காயமோ, எனக்குத் தெரிந்த மருந்து அதுதான். மறுநாள் பார்த்தால் அது சீமெந்துபோல இறுகி, எச்சம் போக வழியில்லாமல் கோழி முக்கிக்கொண்டு நின்றது. என் பிழைதான். இல்லையென்று சொல்லமாட்டேன்.

அன்று பின்னேரம் மகன் சப்பாத்தைக் கழற்ற முன்னமே தொடங்கினான்.

"அம்மா, மேல்வீட்டு அன்ரி இண்டைக்கும் படியில மறிச்சவ. இந்த மணத்துக்கு ஜன்னல் திறக்கேலாதாம்."

"அவ கருவாடு பொரிக்கேக்க நான் ஏதும் கதைச்சனானோ?"

"கருவாடு அரை மணித்தியாலம் அம்மா. இது நாள் முழுக்க. கொலன்னாவையில என்னோட வேலை செய்யிறவர் கன கோழி வளர்க்கிறார். வாற போயா லீவுக்குக் கொண்டுபோய் அதுகளோட விடுறன். அது பாட்டுக்கு நிக்கும்."

நிற்காது. புண்பட்ட கோழியின் பின்பக்கத்தில் சிவப்பைக் கண்டால் மற்றக் கோழிகள் கொத்தத் தொடங்கும். தொடங்கினால் குடல் வெளியே வரும்வரை விடாது. நான் கண்ணால் கண்டிருக்கிறேன். வங்கியில் வேலை செய்கிறவனுக்கு அது எங்கே தெரியப் போகிறது?

"போயாவுக்கு முதல் நான் சுகமாக்கினா?"

"ஆக்கிக் காட்டுங்கோவன், பாப்பம்," என்று சிரித்தான்.

போயா, பௌர்ணமி விடுமுறை. அதற்குப் பன்னிரண்டு நாள் இருந்தது.

அடுத்த நாள் காலை பேசினில் இளஞ்சூட்டுத் தண்ணீர் விட்டு, உப்புப் போட்டு, கோழியை அதில் இருத்தினேன். முதலில் சிறகடித்து என்னை முழுக்க நனைத்தது. பிறகு சூடு பிடித்துப்போய்க் கண்ணை மூடிக்கொண்டது. மஞ்சள் ஊறிக் கழன்றது. ஒட்டின இறகுகளை மருமகளின் நல்ல கத்தரிக்கோலால் வெட்டினேன். அது அவளுக்கு இன்னும் தெரியாது. உள்ளே பார்த்தேன். தயிர் ஆடைபோல வெள்ளையாய்ப் படர்ந்திருந்தது. துடைத்தால் கீழே சிவப்பு.

இதை நான் முன்பு கண்டிருக்கிறேன். வேறு எங்கேயும் இல்லை, என்னில்தான்.

இந்த வயதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? சில வருடங்களுக்கு முன் எனக்கு இரத்தத்தில் சீனி கூடி, சொல்லக்கூடாத இடத்தில் அரிப்பு வந்து, ஒருவருக்கும் சொல்லாமல் மூன்று கிழமை கிடந்தேன். கடைசியில் கிளினிக்கில் ஒரு பெண் டொக்டர் சொன்னா: "சீனி கூடினா அந்த இடத்தில பூஞ்சணம் பிடிக்கும் அம்மா. முதல்ல இனிப்பை நிப்பாட்டுங்கோ."

சரி, கோழிக்கு ஏது இனிப்பு? பேசினுக்குப் பக்கத்தில் இருந்தபடியே யோசித்தேன். தலையில் அடித்துக்கொண்டேன்.

மகன் வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போவான். சர்க்கரைப் பொங்கல், மோதகம், பஞ்சாமிர்தம் எல்லாம் கொண்டுவருவான். வீட்டில் பெரியவர்கள் மூன்று பேருக்கும் சீனி வருத்தம். பிரசாதத்தைக் கண்ணில் ஒற்றி, நாக்கில் ஒரு துளி வைத்துக்கொள்வோம். மிச்சத்தைக் குப்பையில் போட்டால் பாவம். ஆகவே எல்லாம் கோழிக்கு. ஒரு சீவனாவது வயிறாரப் பிரசாதம் தின்கிறதென்று நான் புண்ணியக் கணக்கில் சந்தோசப்பட்டிருக்கிறேன். நாங்கள் மூன்று பேரும் தின்னப் பயந்த சீனி முழுவதையும் அது ஒன்றே தின்றிருக்கிறது!

மரக்கறிக் கூடையில் கோழியை வைத்து ஓட்டோவில் மிருக டொக்டரிடம் போனேன். சிங்களப் பிள்ளை. அவளுக்குப் பாதித் தமிழ், எனக்குப் பாதிச் சிங்களம். கோழியின் வருத்தம் பேச அது போதும்.

"அம்மே, இது பங்கஸ்," என்றாள்.

"தெரியும் மிஸ். சீனியால வந்தது."

"யாரு சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. எனக்கும் வந்தது."

அவள் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தாள். பிறகு நான் சொன்னது சரியென்றாள். பூசுவதற்கு ஒரு களிம்பும் வாயில் விட ஒரு மருந்தும் தந்தாள். காலையும் மாலையும் கழுவி, நன்றாய்க் காயவைத்துப் பூச வேண்டும், ஒரு நாளும் விடக்கூடாது என்றாள்.

நான் விடவில்லை. மருமகள் தலைமயிர் காயவைக்கும் மெசினால், சூட்டைக் குறைத்து, கோழியின் பின்பக்கத்தைக் காயவைத்தேன். சட்டித் தயிர் வாங்கி, இனிப்புப் பாணி விடாமல் ஒரு கரண்டி வைத்தேன். ஐந்தாம் நாள் அது ஒன்றும் தின்னவில்லை. அன்று நானும் சரியாய்ச் சாப்பிடவில்லை. ஆறாம் நாள் தயிரைக் கொத்தியது.

வெள்ளிக்கிழமை மகன் வழமைபோலப் பொங்கலோடு வந்தான்.

"கோழிக்குக் குடுக்காதை. கொண்டுவந்த நீயே சாப்பிடு," என்றேன்.

"எனக்குச் சீனியெல்லோ அம்மா!"

"அதுக்கும் சீனிதான்."

அன்றிலிருந்து பொங்கல் சந்தி ஓட்டோக்காரருக்குப் போகிறது.

போயாக் காலை, ஓட்டை போட்ட காட்போட் பெட்டியோடு மகன் பின்பக்கம் வந்தான். மேல்வீட்டு அன்ரி பல்கனியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தா. நான் கோழியை மடியில் வைத்துக்கொண்டு கதிரையில் இருந்தேன்.

"வாலைத் தூக்கிப் பார்," என்றேன்.

பார்த்தான். வெள்ளையும் இல்லை, சிவப்பும் இல்லை. புது இறகு குருத்துவிட்டிருந்தது.

"இப்ப மணந்து பார்."

"அம்மா!"

"இவ்வளவு நாளும் மணக்குது மணக்குது எண்டு சொன்னனி. மண."

ஐம்பத்திரண்டு வயது வங்கி உத்தியோகத்தன், சாரத்தை மடித்துக் கட்டிக் குனிந்து, கோழியின் பின்பக்கத்தில் மூக்கை வைத்தான்.

"ஒண்டும் மணக்கேல்லை," என்றான் மெல்ல.

"எனக்குக் காது கேக்காது."

அவன் நிமிர்ந்து, பல்கனியைப் பார்த்து, "ஒண்டும் மணக்கேல்லை அன்ரி!" என்று கத்தினான். அன்ரி உள்ளே போய்விட்டா. பெட்டியை அவனே மிதித்து மடித்து வைத்தான்.

எனக்குக் கையெழுத்துப் போடவும் பஸ் போட்டில் ஊர்ப்பெயர் வாசிக்கவும்தான் எழுத்து வரும். நான் சொல்லச் சொல்ல இதைப் போனில் அடித்தது பேத்தி, அவனுடைய மகள்.

"அப்பம்மா, அப்பா வாசிச்சா கோவிப்பார்," என்கிறாள்.

கோவிக்கட்டும். உன்ர அப்பா குனிஞ்ச இடத்தில இருந்து எனக்கு ஒருக்காத் திருப்பி வாசி பிள்ளை. அவசரப்படாமல் வாசி.