அமாவாசைக்கு மட்டும் லீவு

துரைக்கண்ணு தன் அத்தை ரங்கம்மாளுக்கு நாலாயிரம் ரூபாய் கடன்பட்டிருந்தான். எருமை வாங்க அவள் சேர்த்து வைத்த பணம். எழுபத்தெட்டாம் வருஷம் துபாய் விசாவுக்காக அதை அப்படியே ஏஜெண்டு கையில் கொடுத்தான்.

அத்தைக்கு ஆரணி மண்டித் தெருவில் புண்ணாக்குக் கடை. பணத்தைக் கொடுக்கும்போதே கறாராகச் சொல்லிவிட்டாள்.

"விசா வரலைன்னா என் கடையில மூட்டை தூக்கித்தான் கழிக்கணும். எருமைக்குப் பதிலா நீதான்டா."

துரைக்கண்ணு நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டு, பட்டுத் தறியில் உட்கார்ந்தவன். ஆனால் வாய்ச் சாமர்த்தியத்தில் அவனை அடிக்க ஆரணிக் கோட்டையைச் சுற்றி ஆள் கிடையாது. விசா வருவதற்கு முன்பே பெல்பாட்டம் தைத்துக்கொண்டான். யாருக்கு டேப்ரிக்கார்டர், யாருக்கு டார்ச் லைட், யாருக்கு நைலக்ஸ் புடவை என்று தெருவெல்லாம் வாக்குக் கொடுத்தான். இனி விசா இல்லையென்றால் தலைகாட்ட முடியாது; புண்ணாக்கு மூட்டை வேறு காத்திருந்தது.

மெட்ராஸ் மண்ணடியில் ஒரு லாட்ஜ் மாடியில் இன்டர்வியூ. துணிக் கிடங்குக்கு ஆள் எடுக்க வந்த துபாய் முதலாளி கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மொழிபெயர்க்க ஒரு வாணியம்பாடி பாய். முன்னால் போனவர்கள் எல்லாம் பேன்ட்டை இன் பண்ணி, இங்கிலீஷ் பேசி, வெள்ளிக்கிழமை லீவு, தீபாவளி லீவு, பொங்கல் லீவு என்று அடுக்கிவிட்டு, முகம் தொங்க வெளியே வந்தார்கள்.

துணியின் தரம், மடிப்பு, அளவு என்று கேட்டதற்கெல்லாம் துரைக்கண்ணு டக்கென்று பதில் சொன்னான். கடைசியில் பாய், லீவு எப்படி வேண்டும் என்று கேட்டார்.

ஆரணித் தறிக்காரனுக்கு ஞாயிறு ஏது, வெள்ளி ஏது? அமாவாசை அன்று தறியில் கை வைக்க மாட்டான். அவனுக்குத் தெரிந்த லீவு அது ஒன்றுதான்.

"அமாவாசைக்கு மட்டும் லீவு குடுத்தா போதுங்க."

கதவோரம் நின்ற ஏஜெண்டு தலையில் கை வைத்துக்கொண்டார். பாய் கொஞ்சம் திணறி, நிலா தெரியாத நாளைச் சொல்கிறான் என்று விளக்கினார். முதலாளி நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர்கள் ஊரிலும் பிறை பார்த்துத்தானே மாதம் பிறக்கிறது! மாதத்துக்கு ஒரே ஒரு நாளா என்று திரும்பக் கேட்கச் சொன்னார். ஆமாம் என்றான். அவர் சிரித்த சிரிப்பில் கட்டில் ஆடியது.

பாய் குரலைத் தாழ்த்தினார். "இன்னா தம்பி ஏமாந்துட்டியே. அங்க வெள்ளிக்கிழமை எல்லாருக்கும் லீவுப்பா."

வேறொருவனாக இருந்தால் அங்கேயே அசடு வழிந்திருப்பான். துரைக்கண்ணு நம்ம ஊர் ஆள் அல்லவா.

"அப்பிடியா? அன்னிக்கும் வேலை செஞ்சா தனிக் கூலி உண்டாங்க?"

பாய் அதையும் எடுத்துச் சொன்னார். முதலாளி இரண்டு விரலைக் காட்டினார். இரட்டைக் கூலி. அத்தனை பேர் வந்த இடத்தில் அன்றைக்குக் கடைசி விசா அவனுக்குத்தான்.

சொன்னபடியே, ஒப்பந்தம் போட்ட இரண்டு வருஷமும் வெள்ளிக்கிழமை தவறாமல் கிடங்கைத் திறந்தான். மற்றவர்கள் போர்த்திக்கொண்டு தூங்கும்போது பேல் பேலாகக் கட்டி வந்த துணியைப் பிரித்து அடுக்கினான். பணத்தை பேங்கு டிராப்டாக அனுப்பச் சொல்லி அத்தை கடிதம் போட்டும் அனுப்பவில்லை. எண்பதாம் வருஷம் ஊர் வந்ததும் வீட்டுக்குக்கூடப் போகாமல், பெட்டியும் கையுமாக நேரே மண்டித் தெருவில் போய் நின்றான்.

ரங்கம்மாள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். "இன்னாடா தொரை, இப்பிடிக் கறுத்துப் பூட்ட? என் கடையில மூட்டை தூக்கிகினு இருந்தா நெழல்லயாவது இருந்திருப்ப."

"அது கெடக்கட்டும், ஏன் டிராப்டு அனுப்பலைன்னு கேளு. டிராப்டுன்னா பேங்குக்காரன் இல்ல எண்ணுவான், அத்தே. நான் எண்ணணும், நீ பாக்கணும். கையை நீட்டு."

அவள் புண்ணாக்குத் தூளை முந்தானையில் துடைத்துவிட்டு உள்ளங்கையை விரித்தாள். தெருவுக்கே கேட்கட்டும் என்று சத்தமாக, ஒவ்வொரு நூறு ரூபாய் நோட்டாக அதில் எண்ணி வைத்தான்.